தாங்குகிறவர் கண் மேலே இருக்கட்டும்

சியர்லீடிங் பழக வரும் பிள்ளைகளுக்கு

ஜொகூரில் தமிழ்ப்பள்ளியில் படித்த யாருக்கும் கூடி முழங்கும் சோராக் புதிதல்ல. விளையாட்டுப் போட்டி நாளில் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று இல்லத்துக்கொரு கூடாரம், கூடாரத்துக்கொரு சோராக் குழு, ராஃபியா கயிற்றைச் சீப்பால் கிழித்துச் செய்த பாம்பாம், திடலோரத்தில் பச்சை நிற மைலோ வண்டி. அந்த ஆசையோடு இடைநிலைப்பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் அங்கே சியர்லீடிங் குழுவைப் பார்க்கிறார்கள். தாவுவது, புரள்வது, ஒருவரை மற்றவர் தோளுக்கு மேல் தூக்கி நிறுத்துவது என்று அது வேறொரு உலகமாக இருக்கிறது. 2000களில் 'தி ஸ்டார்' நாளிதழ் நடத்திய தேசியப் போட்டிகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறைதான் இன்று பல பள்ளிகளில் பயிற்றுநர்களாக நிற்கிறது.

பல ஆண்டுகளாகப் பிள்ளைகளைப் பழக்கியதில் எனக்குத் தெளிவான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சியர்லீடிங்கில் ஒருவர் எவ்வளவு தேறியிருக்கிறார் என்பதை அவருடைய கண்ணைப் பார்த்தே சொல்லலாம். புதிதாக வந்தவரின் கண் கைத்தொலைபேசி கேமராவைத் தேடும், கேலரியில் அம்மாவைத் தேடும். தேறியவரின் கண் தன் பொறுப்பில் இருக்கிற ஆளை விட்டு அகலாது. கீழே நான் சொல்லும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

1. வீட்டில் கேட்கும் கேள்விக்குப் பதில் வைத்திருங்கள்

"படிக்கிற நேரத்துல இது என்ன ஆட்டம்?" என்று கேட்பார்கள். முகம் சுளிக்காமல் உட்கார்ந்து விளக்குங்கள். 1898 நவம்பர் 2ஆம் நாள் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜானி கேம்ப்பெல் என்ற மாணவர் கூட்டத்தின் முன்னால் வந்து நின்று எல்லாரையும் ஒரே குரலில் முழங்க வைத்தார். அதுவே இதன் தொடக்கம் என்கிறார்கள். தொடக்கத்தில் ஆண்கள்தான் இருந்தார்கள். அதே பல்கலைக்கழகத்தில் பெண்கள் சேர்ந்தது 1923இல். ஆகவே, "இது பொம்பளைப் பிள்ளைங்க வேலை" என்று ஒதுங்கும் தம்பிகளே, கூச்சப்படாமல் வாருங்கள், உங்கள் தோளுக்கு இங்கே நிறைய வேலை இருக்கிறது. 2004இல் அனைத்துலகச் சியர் சங்கம் உருவானது. அனைத்துலக ஒலிம்பிக் குழு அதற்கு 2016 டிசம்பரில் தற்காலிக அங்கீகாரமும் 2021 ஜூலையில் முழு அங்கீகாரமும் கொடுத்தது.

இதைச் சொன்ன பிறகு அப்பாவையோ அம்மாவையோ ஒருநாள் பயிற்சிக்கு அழைத்து வாருங்கள். பிள்ளையை யார் தூக்குகிறார்கள், யார் பிடிக்கிறார்கள், பக்கத்தில் எந்த ஆசிரியர் நிற்கிறார் என்று நேரில் பார்த்த பெற்றோர்தான் அடுத்த போட்டிக்கு முதல் ஆளாக வந்து உட்காருவார்கள்.

2. கையை முதலில் சீராக்குங்கள்

சேர்ந்த முதல் வாரமே பிரமிட் உச்சிக்கு ஏற வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை. முதலில் கை. ஹை வி, லோ வி, டி, டச்டவுன், எல், கே, டேகர் என்று பத்துப் பதினைந்து அசைவுகள்தான் அடிப்படை. விரல்களை மடக்கி, கட்டைவிரலை வெளியே வைத்து மூடுங்கள். மணிக்கட்டு வளையக்கூடாது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே கோடாக இருக்க வேண்டும். கை தோளுக்குப் பின்னால் போகாமல் சற்று முன்னால் நிற்கட்டும். நேராகப் பார்த்தபடி நிற்கும்போது இரண்டு கைகளும் ஓரக்கண்ணில் தெரிந்தால் சரியான இடத்தில் இருக்கின்றன என்று பொருள்.

கையைச் சுழற்றிக் கொண்டுபோகாதீர்கள். குறுக்குவழியில் போய்ச் சட்டென்று நிற்கட்டும். நின்ற பிறகு ஆடக்கூடாது. கண்ணாடி முன் பழகுங்கள், பிறகு கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பழகி, தோழியிடம் திருத்தம் கேளுங்கள். போட்டித் தளத்தில் கண்ணாடி இருக்காது, உடம்புக்கே இடம் தெரிந்திருக்க வேண்டும்.

3. எட்டு எண்ணிக்கை இரத்தத்தில் ஊறட்டும்

சியர் முழுக்க எட்டு எண்ணிக்கையில் ஓடுகிறது. "ஃபைவ், சிக்ஸ், செவன், எய்ட்" என்றால் எல்லாரும் தயார். கும்மியும் கோலாட்டமும் ஆடிய பிள்ளைகளுக்கு இது எளிது. உறுமி மேளத்தோடு கோயில் திருவிழாவில் நடந்தவர்களுக்கு இன்னும் எளிது. தாளம் உள்ளே இருக்கிறது, அதை எண்ணோடு பொருத்தினால் போதும். பாட்டு ஓடும்போது ஆடிப் பழகுவதற்கு முன், பாட்டே இல்லாமல் எண்ணிக்கையில் மட்டும் முழு ரூட்டினையும் முடித்துப் பாருங்கள். இசைப்பெட்டி நின்றுபோனாலும் நிற்காமல் ஆடும் குழுக்கள் அப்படிப் பழகியவைதான்.

4. குரல் வயிற்றிலிருந்து வரட்டும்

தொண்டையால் கத்துகிறவர்கள் இரண்டாம் நாளே குரல் கட்டிப்போய் நிற்பார்கள். வயிற்றில் கையை வைத்து மூச்சை இழுங்கள். கை வெளியே தள்ளப்பட வேண்டும், தோள் தூக்கக்கூடாது. அந்த மூச்சில், வழக்கமாகப் பேசுவதைவிடச் சற்றுத் தாழ்ந்த தொனியில் குரல் கொடுங்கள். கீச்சென்று உயரும் குரல் திடலின் பாதியிலேயே கரைந்துபோகும். குரல் உடையும் வயதிலுள்ள தம்பிகள் வலியை மீறிக் கத்தவே வேண்டாம். போட்டிக்கு முதல் நாள் தொண்டைக்கு ஓய்வு கொடுங்கள். குளிர்பானத்தைத் தள்ளி வைத்து வெதுவெதுப்பான தண்ணீர் குடியுங்கள்.

5. வரிகளைச் சிறிதாக வையுங்கள்

கூட்டம் திருப்பிச் சொல்ல முடியாத முழக்கத்தால் பயனில்லை. மூன்று நான்கு சொல் போதும். நெடில் ஓசையில் முடிகிற சொற்கள் தூரம் போகும். நம் ஊர்க் கேலரியில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் கலந்து உட்கார்ந்திருப்பார்கள். மலாயில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொருவருக்கும் ஒரு வாய்ப்புக் கிடைக்கும். எதிரணியைக் கேலி செய்யும் வரி ஒன்றுகூட வேண்டாம். ஓர் ஆளைத் தாழ்த்தி இன்னோர் ஆளை உயர்த்துவது நம் வேலையில்லை.

6. தாவுவதற்கு முன் இறங்கப் பழகுங்கள்

டோ டச், ஹர்ட்லர், பைக் எல்லாம் பார்க்க அழகு. 'ஹெர்க்கி' என்ற தாவலுக்கு லாரன்ஸ் ஹெர்க்கிமர் என்பவரின் பெயரே நிலைத்துவிட்டது. 1948இல் 52 பெண்களையும் ஒரு பையனையும் வைத்து முதல் சியர் முகாமை நடத்தியவர் அவர். இந்தத் தாவல்களில் கால் எவ்வளவு உயர்ந்தது என்பதையே எல்லாரும் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது கால் தரையைத் தொடும் நொடியை. இரண்டு பாதமும் சேர்ந்து, முழங்கால் மடங்கி, சத்தமில்லாமல் இறங்க வேண்டும். 'தொம்' என்று கேட்டால் அந்த அடி முழங்காலுக்கும் இடுப்புக்கும் போகிறது. வளரும் வயதில் அந்த வலி எளிதில் விடாது.

காலை உயர்த்துவது வயிற்றுத் தசையும் தொடையின் முன்பகுதியும். நாள்தோறும் பிளாங்க், ஸ்குவாட், உட்கார்ந்த நிலையில் நீட்டிய காலைத் தூக்குதல், பிறகு நிதானமான நீட்சிப் பயிற்சி என்று செய்யுங்கள். உடம்பு சூடேறாமல் ஸ்பிளிட்டுக்கு இறங்காதீர்கள். புரளும் வித்தைகளில் உருளல், கார்ட்வீல், ஹேண்ட்ஸ்டாண்ட், ரவுண்ட் ஆஃப் என்ற வரிசை மாறக்கூடாது. பின்பக்கமாகப் புரள்வதை ஜிம்னாஸ்டிக் பயிற்றுநர் இல்லாமல், மெத்தை இல்லாமல், காணொளியைப் பார்த்து முயலவே கூடாது. சிமெண்டுச் சதுக்கமும் தார் போட்ட கார் நிறுத்துமிடமும் பயிற்சிக்கூடம் ஆகா.

7. ஒவ்வொரு படியாக ஏறுங்கள்

ஒருவரைத் தூக்கி நிறுத்தும் ஸ்டண்டுக்கு ஒரு படிவரிசை உண்டு. முதலில் தொடைமேல் நிற்பது. அடுத்துத் தோள்மேல் உட்காருவது. பிறகு, இரண்டு பேர் பாதங்களைத் தாங்கித் தோள் உயரத்தில் நிறுத்தும் 'பிரெப்'. அதன் பிறகுதான் கை முழுதும் நீட்டித் தலைக்கு மேல் நிறுத்தும் 'எக்ஸ்டென்ஷன்'. ஒரு படியில் ஏறுவது, நிற்பது, இறங்குவது மூன்றும் தொடர்ந்து பிசகில்லாமல் வந்த பிறகே அடுத்த படி. இறங்குவதைக் கடைசியில் பழகிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஏறியவரைப் பத்திரமாக இறக்கத் தெரியாத குழு தூக்கவே கூடாது.

எவ்வளவு உயரம் என்பதிலும் கட்டுப்பாடு வேண்டும். அமெரிக்காவில் பள்ளிக் குழுக்களுக்கு இரண்டு ஆள் உயரமும் கல்லூரிக் குழுக்களுக்கு இரண்டரை ஆள் உயரமும் எல்லை. 2006 மார்ச்சில் செயிண்ட் லூயிஸ் நகரில் நடந்த கூடைப்பந்துப் போட்டியில், சதர்ன் இல்லினாய் பல்கலைக்கழக மாணவி ஒருவர் பிரமிடிலிருந்து ஏறத்தாழ 15 அடி கீழே விழுந்தார். கழுத்தெலும்பு முறிந்தது, நுரையீரலில் அடி, மூளைக்கும் அதிர்ச்சி. ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போதும் அவர் கையசைத்து ஆடியதைத் தொலைக்காட்சியில் பார்த்து உலகம் வியந்தது. நான் உங்களுக்குச் சொல்வது அதற்கு அடுத்த பகுதியை: மெத்தையில்லாத கூடைப்பந்துத் தரையில் உயரமான பிரமிடும் ஆளை மேலே எறிவதும் அதன்பின் கட்டுப்படுத்தப்பட்டன. விதிகளின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு பிள்ளையின் வலி இருக்கிறது. அதனால் விதியைத் தடையாக நினைக்காதீர்கள்.

8. தாங்குகிறவர்களே, உங்கள் கண் மேலே இருக்கட்டும்

பேஸாக நிற்கிறவர்களுக்கு நான் அதிகம் சொல்வது இதைத்தான். பெயர் சொல்லிக் கைதட்டுவது மேலே நிற்பவருக்கு. ஆனால் ஸ்டண்ட் உங்களுடையது.

கால்களைத் தோளகலத்துக்கு விரித்து நில்லுங்கள். முதுகு நேராக இருக்கட்டும், முழங்கால் மடங்கட்டும். தூக்குவது காலின் வேலை. முதுகை வளைத்துத் தூக்கினால் பதினாறு வயதிலேயே இடுப்புவலிக்காரர் ஆகிவிடுவீர்கள். பாதத்தைப் பிடிக்கும்போது ஒரு கை குதிகாலுக்கும் மற்றொரு கை முன்பாதத்துக்கும் அடியில். எதிரே நிற்கும் இன்னொரு பேஸோடு மார்புக்கு மார்பு நெருங்கி நில்லுங்கள். இடைவெளி கூடக்கூட மேலே நிற்பவரின் கால் விரிந்துபோகும்.

கண் மேலே இருக்கட்டும். கேலரியில் யார் கத்தினாலும், நடுவர் எந்தப் பக்கம் நடந்தாலும் கண் மேலே. அவருடைய இடுப்பு ஒரு பக்கம் சாய்வதை அவர் உணர்வதற்கு முன்பே நீங்கள் பார்த்துவிடலாம். அந்த அரை நொடிதான் பிடிப்பதற்கும் தவறவிடுவதற்கும் உள்ள வித்தியாசம். சாய்ந்தால் பின்வாங்காதீர்கள், அவருக்கு அடியில் போய் நில்லுங்கள். உங்கள் குழுவின் பிள்ளை உங்களைத் தாண்டித் தரையைத் தொடக்கூடாது. இதை ஒரு சத்தியமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பெயினின் காட்டலோனியாவில் மனிதக் கோபுரம் கட்டும் வழக்கத்தை யுனெஸ்கோ 2010இல் உலகப் பண்பாட்டு மரபாக ஏற்றது. உச்சியில் ஏறுவது தலைக்கவசம் அணிந்த ஒரு சிறு பிள்ளை. ஆனால் அடித்தளத்தில் நெருக்கியடித்து நின்று முட்டுக்கொடுக்கும் கூட்டம் நூற்றுக்கணக்கில் இருக்கும். அந்தக் கூட்டம் இல்லாமல் கோபுரம் இல்லை. நாமும் பெருமையை அடித்தளத்திலிருந்தே அளக்கப் பழகுவோம்.

9. மேலே போகிறவரே, கீழே பார்க்காதீர்கள்

ஃப்ளையருக்குக் கண் நேராக, தாடை சற்று உயர்ந்து. கீழே பார்த்த நொடியில் தலை முன்னால் போகும், தலை போன பக்கம் உடம்பும் போகும். ஏறும்போது இரண்டு பேஸ்களின் தோளிலும் கையை ஊன்றி உங்கள் எடையை நீங்களே தூக்குங்கள். அவர்கள் தூக்கட்டும் என்று தொங்கினால் எடை இரட்டிப்பாகும். மேலே போனதும் கணுக்காலிலிருந்து தொடை, வயிறு வரை எல்லாத் தசையையும் இறுக்கிக்கொள்ளுங்கள். தளர்ந்த உடம்பை எந்தப் பலசாலியாலும் தாங்க முடியாது.

தடுமாறினால் நீங்களாகக் குதிக்காதீர்கள், யாருடைய தலைமுடியையும் பற்றாதீர்கள். உடம்பை இறுக்கியபடி நேராகக் கீழே வாருங்கள், பிடிப்பார்கள். அந்த நம்பிக்கை பேச்சால் வராது, தாழ்ந்த உயரத்தில் திரும்பத் திரும்ப விழுந்து பிடிபட்டால்தான் வரும்.

இன்னொன்றையும் கவனமாகக் கேளுங்கள். மேலே போக வேண்டும் என்பதற்காகப் பட்டினி கிடக்காதீர்கள். மெலிந்திருப்பதைவிட உடம்பை இறுக்கிப் பிடிக்கும் பலம்தான் ஃப்ளையருக்குத் தேவை. காலையில் பசியாறாமல் பயிற்சிக்கு வந்த பிள்ளைக்கு மேலே தலைசுற்றினால் கீழே நிற்கும் மூன்று பேருக்கும் ஆபத்து. யாருடைய எடையையும் யாரும் கேலி பேசக்கூடாது. அப்படிப் பேச்சு எழுந்தால் மூத்தவர்கள் அன்றைக்கே நிறுத்துங்கள்.

10. ஒருவர் எண்ணட்டும், யார் வேண்டுமானாலும் நிறுத்தட்டும்

ஸ்டண்டின் பின்னால் நிற்கும் பேக் ஸ்பாட்தான் அதன் தலைவர். ஃப்ளையரின் கணுக்காலைப் பிடித்து நிலைநிறுத்துவது, விழுந்தால் கைக்கு அடியில் வாங்கித் தலையையும் கழுத்தையும் காப்பது அவர் வேலை. எண்ணுவதும் அவரே. இரண்டு பேர் எண்ணினால் இரண்டு தாளம் வரும்.

ஆனால் "டவுன்" என்ற சொல்லை அந்த ஸ்டண்டில் உள்ள யார் வேண்டுமானாலும் சொல்லலாம். கை வழுக்குகிறது, பயமாக இருக்கிறது, முழங்கால் நடுங்குகிறது, எந்தக் காரணமானாலும் சரி. சொன்ன மறுகணம் இறக்கிவிட வேண்டும். ஏன் சொன்னாய் என்று அதட்டக்கூடாது. நேற்றுச் சேர்ந்த முதலாம் படிவப் பிள்ளை சொன்னாலும் இதே மரியாதை. பயத்தை வாய்விட்டுச் சொல்ல இடமிருக்கிற குழுவில்தான் துணிச்சல் வளரும்.

11. மெத்தையில் கால் வைக்கும் முன்

நம் பிள்ளைகளுக்கென்றே சிலவற்றைச் சொல்ல வேண்டும். தேங்காய் எண்ணெய் தேய்த்த தலையோடு பயிற்சிக்கு வராதீர்கள். பின்னலைப் பிடித்துக் கட்டிய அதே கையால் பாதத்தைத் தாங்கினால் வழுக்கும். எண்ணெய் தேய்ப்பதைப் பயிற்சியில்லாத நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட முடியை இறுக்கப் பின்னி மடித்துக் கட்டுங்கள், மேலே போகிறவர்களின் பின்னல் தொங்கக்கூடாது.

வளையல், தோடு, மூக்குத்தி, கழுத்துச் சங்கிலி, கொலுசு எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். கோயிலில் கட்டிய கயிற்றைக் கழற்ற மனம் வராது என்று தெரியும். அதை மணிக்கட்டுப் பட்டையால் முழுதாக மூடிவிடுங்கள். தொங்கும் நுனியில் விரல் சிக்கினால் விரல் பிசகும். துடோங் அணியும் தோழிகள் ஊசியும் புரூச்சும் இல்லாத விளையாட்டுத் துடோங் அணியட்டும், நுனியைச் சட்டைக்குள் செருகிக்கொள்ளட்டும். நகத்தை வெட்டுங்கள். சூயிங்கம் வாயில் இருக்கக்கூடாது. காலணி மென்மையாகவும் அடிப்பாகம் தட்டையாகவும் இருக்க வேண்டும். திடலில் போட்டு ஓடிய அதே காலணியோடு மெத்தைமேல் ஏறாதீர்கள்.

12. வானத்தைக் கேட்டுப் பயிற்சி வையுங்கள்

2025 ஜனவரி முதல் ஜொகூரின் வார விடுமுறை மறுபடியும் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. சனிக்கிழமைக் காலையில் வெயில் ஏறுமுன் கூடுவது நல்லது. பிற்பகலில் வைத்தால் வெயில் அல்லது இடிமழை, இரண்டில் ஒன்று நிச்சயம். இடி கேட்டால் திடலை விட்டுக் கட்டடத்துக்குள் போங்கள், கூடாரத்துக்கடியில் ஒதுங்காதீர்கள். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழிந்த பிறகே திரும்புங்கள். மழையில் நனைந்த புல்மேல் ஸ்டண்ட் கிடையாது. அன்றைக்குக் குரலும் கையும் பழகலாம்.

புகைமூட்டத்தை நாம் மறக்க முடியாது. 2013 ஜூனில் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700ஐத் தாண்டி, மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. குறியீடு 100ஐத் தாண்டினால் வெளிப்புறப் பயிற்சியை நிறுத்துங்கள். போட்டி நெருங்கினாலும் நுரையீரலைப் பணயம் வைக்க வேண்டாம்.

13. யாராவது விழுந்தால்

முதலில் இசையை நிறுத்துங்கள். கழுத்தோ முதுகோ வலிக்கிறது என்றாலும், கை கால் மரத்துப்போகிறது என்றாலும், அவரை நகர்த்தாதீர்கள், தூக்கி உட்கார வைக்காதீர்கள். ஒருவர் தலையை அசையாமல் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் ஆசிரியரை அழைத்து 999ஐக் கூப்பிடட்டும். தலையில் அடிபட்ட பிள்ளைக்குத் தலைவலி, வாந்தி, குழப்பம், ஒளியைப் பார்க்கக் கூச்சம் என்று எது தெரிந்தாலும் அன்று ஆட்டம் முடிந்தது. மருத்துவர் பார்த்து அனுமதிக்கும் வரை திரும்பி வரக்கூடாது. சுளுக்கென்றால் ஓய்வு, துணியில் சுற்றிய பனிக்கட்டி, கட்டு, உயர்த்தி வைத்தல். அன்றைக்கே எண்ணெய் தேய்த்து உருவிவிட வேண்டாம் என்று பாட்டியிடம் பணிவாகச் சொல்லுங்கள்.

வலியை மறைக்கிறவர் வீரர் அல்லர். நீங்கள் மறைத்த வலி, நீங்கள் தாங்கிக்கொண்டிருக்கும் இன்னொருவரை விழவைக்கும்.

14. ஒருவர் மற்றவரின் நாட்காட்டியைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஜொகூரில் ஒரே இனத்தவர் மட்டும் உள்ள குழு அரிது. ரமலான் மாதத்தில் மலாய்த் தோழர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் வருவார்கள். அந்த நாள்களில் பிற்பகலில் ஸ்டண்ட் வைக்காதீர்கள். வரிகளை மனப்பாடம் செய்வது, காணொளி பார்த்துத் திருத்துவது என்று வேலையை மாற்றுங்கள். தைப்பூசத்துக்கு விரதம் இருக்கும் நம் பிள்ளைகளும் வெட்கப்படாமல் முன்கூட்டியே சொல்லுங்கள். சீனப் பெருநாளுக்கு ஊருக்குப் போகிறவர் யார் என்று எழுதி வையுங்கள். உன் தோழியின் உடம்பு இன்று எப்படி இருக்கிறது என்று தெரியாமல் அவள் கையில் உன் எடையை வைக்காதே.

15. ஆட்டத்தைப் பாருங்கள்

போட்டி மேடைக்காக மட்டுமே பழகும் குழுக்கள் மறந்துபோவது, நம் வேலை மற்றவர்களுக்குத் தெம்பூட்டுவது என்பதை. இஸ்கந்தர் புத்ரியில் 2020இல் திறந்த, ஏறத்தாழ 40,000 பேர் அமரும் சுல்தான் இப்ராஹிம் அரங்கத்துக்கு ஒருநாள் போய்ப் பாருங்கள். ஜொகூர் டாருல் தாக்ஸிம் அணி ஆடும்போது 'பாய்ஸ் ஆஃப் ஸ்ட்ரெய்ட்ஸ்' ரசிகர்கள் ஆட்டம் முழுக்க நின்றபடி பாடுவார்கள். முழக்கத்தை நடத்துகிறவர் கூட்டத்தைப் பார்த்து நிற்பார். அணி கோல் வாங்கிய நிமிடத்தில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். குரல் தாழாமல் பாட்டு தொடரும். நாம் கற்க வேண்டிய பாடம் அது. வெற்றியில் கத்துவதற்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

நம் பள்ளித் திடலுக்கும் அதே பாடம்தான். பந்து எங்கே, எந்தக் கட்டம், யாருக்குத் தெம்பு குறைகிறது என்று தெரியாமல் முழங்கினால் அது இரைச்சல். 4x100 ஓட்டத்தில் கோல் கைமாறும் இடத்தில் குரல் தேவை. ஈட்டி எறிகிறவர் ஓடத் தொடங்கும் முன் அமைதி தேவை. ஆட்டக்காரர் அடிபட்டுக் கிடந்தால் முழக்கத்தை நிறுத்துங்கள், எழுந்து போகும்போது எந்த அணியாக இருந்தாலும் கைதட்டுங்கள். 1500 மீட்டரில் எல்லாரும் முடித்த பிறகும் தனியாக ஒரு பிள்ளை ஓடிவந்துகொண்டிருக்கும். பெரும்பாலும் அந்த நேரத்தில் கூடாரங்கள் அடுத்த போட்டியைப் பேச ஆரம்பித்துவிடும். உங்கள் கண் அந்தப் பிள்ளைமேல் இருக்கட்டும். அது எந்த நிற இல்லமோ, அதன் பெயரைச் சொல்லிக் கோடு வரைக்கும் கொண்டுவாருங்கள்.

16. கற்றதைக் கொடுத்துவிட்டுப் போங்கள்

ஐந்தாம் படிவத்தில் எஸ்பிஎம் தேர்வு வந்துவிடும், நீங்கள் போய்விடுவீர்கள். போகும்போது குழு உங்களோடு கலைந்துபோகக்கூடாது. மூன்றாம் படிவத்திலிருந்தே ஒவ்வொருவரும் ஒரு முதலாம் படிவப் பிள்ளையைப் பொறுப்பெடுங்கள். கையை எங்கே வைப்பது, எப்படி இறங்குவது, எப்போது "டவுன்" சொல்வது என்று முறையாகச் சொல்லிக்கொடுங்கள். முழக்கங்களையும் ஸ்டண்ட் வரிசைகளையும் ஒரு நோட்டில் எழுதிக் குழுவிடம் விட்டுச் செல்லுங்கள். உங்கள் பழைய தமிழ்ப்பள்ளியில் விளையாட்டுப் போட்டி வரும்போது அங்கே போய்ச் சோராக் பிள்ளைகளுக்குக் கையசைவும் குரலும் பழக்குங்கள். தூக்குவதை மட்டும் அந்த வயதுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கோப்பை கிடைக்கும் ஆண்டும் உண்டு, கிடைக்காத ஆண்டும் உண்டு. ஆண்டு முடிவில் குழு தன்னைத்தானே கேட்க வேண்டியவை மூன்று: நம்மில் ஒருவரும் பெரிதாக அடிபடாமல் முடித்தோமா? பயந்து வந்தவர் பயம் தெளிந்து நிற்கிறாரா? தோற்றுக்கொண்டிருந்த நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு நம் குரல் எட்டியதா? மூன்றுக்கும் ஆம் என்று சொல்ல முடிந்தால் அது நல்ல குழு. அடுத்த சனிக்கிழமை காலை தண்ணீர் போத்தலும் மணிக்கட்டுப் பட்டையும் எடுத்துக்கொண்டு, பசியாறிவிட்டு, நேரத்துக்கு வந்து சேருங்கள்.